சேர்வர் எழுதிய மொட்டைப் பெட்டிசம்

திருகோணமலையில் கடலுக்குப் பயப்படாத அலுவலகம் ஒன்று இருக்கிறது. பயப்படுவதற்கு மேலிடத்து அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. கரையோர முன்னெச்சரிக்கைப் பிராந்திய நிலையம் என்பது அதன் பெயர். கடலில் தாழமுக்கமோ பெருங்காற்றோ வரப்போகிறது என்றால், புல்மோட்டை தொடங்கி மூதூர் வரைக்கும் கடல் தொழிலுக்குப் போகிற ஒவ்வொருவருடைய கைத்தொலைபேசிக்கும் செய்தி அனுப்புவது அதன் கடமை. அந்தக் கடமையை அங்கே சம்பளம் எடுக்கும் ஒருவரும் செய்வதில்லை. பின்பக்க அறையில் நிற்கிற சேர்வர் என்கிற கணினி ஒன்று செய்கிறது. கொழும்புத் தலைமையகத்திலிருந்து எச்சரிக்கை வந்து விழுந்ததும், அது யாரையும் கேட்காமல் ஊர் முழுக்க அனுப்பிவிடும். அது அனுப்பியதைக் கோவையில் போட்டு, கோவைக்கு இலக்கம் போட்டு, இலக்கத்துக்குக் கையொப்பம் வைப்பதற்குத்தான் மற்றவர்கள் இருக்கிறார்கள்.

நிலையம் கடற்கரையெல்லாம் பலகை நட்டிருந்தது. "எமது செய்தி வராதவரை கடல் உங்களுடையது" என்று பெரிய எழுத்தில். கீழே சின்ன எழுத்தில், வானொலியிலும் முகநூலிலும் வருகிற வதந்திகளை நம்புவோருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கப்படும் என்று. சனம் பாவம், நம்பிவிட்டது. வானொலி கார்த்திகை மாதம் முழுக்க மழை பெய்யலாம், பெய்யாமலும் விடலாம் என்றுதான் சொல்லும். நிலையத்தின் செய்தி அப்படியில்லை. வந்தால் வள்ளம் இறங்காது, வராவிட்டால் இறங்கும். திருக்கடலூரில் விடியற்காலையில் முகம் கழுவ முதல் போனைத்தான் பார்ப்பார்கள்.

அந்தச் சேர்வருக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவள் கஜந்தி. கிளிவெட்டியில் பிறந்து திருக்கடலூரில் கலியாணம் முடித்த பிள்ளை. இந்து நாகரிகத்தில் பட்டம் பெற்று, வேலையில்லாப் பட்டதாரிகளின் போராட்டக் கொட்டகையில் குந்தியிருந்து, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவியைப் பெற்றவள். எதை அபிவிருத்தி செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முன்பு இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஸுஹைர் வேலையை விட்டுக் கட்டாருக்குப் போய்விட, சேர்வர் அறையின் திறப்பு ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆணிக்குக் கிட்ட கஜந்தியின் கதிரை இருந்தது. நியமனம் அப்படி நடந்தது.

பணிப்பாளர் தவராசா அவளைக் கூப்பிட்டுப் பொறுப்பை விளங்கப்படுத்தினார்.

"பிள்ளை, அந்தச் சேர்வர் தனக்குள்ள என்ன நடக்குதெண்டு ஒவ்வொரு நாளும் தானே எழுதிக்கொண்டிருக்கும். அதைப் பிரின்ட் எடுத்து மேல அனுப்புங்கோ. அவ்வளவுதான். விளங்கிறது எங்கட வேலை."

"சேர், எனக்குக் கொம்பியூட்டர் பெரிசாத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதாலதான் இஞ்ச ஒரு குழப்பமும் வாறேல்லை."

கஜந்தியும் சொன்னபடி செய்தாள். சேர்வர் அலுப்பில்லாமல் எழுதும். விசிறி ஓடுகிறது, சூடு அளவாக இருக்கிறது, செய்தி போய்ச் சேர்ந்தது, டிஸ்க் நான்கும் சுகம். ஒவ்வொரு நாளும் அதே கதை. அவள் அதைப் பிரின்ட் எடுத்து மேலே அனுப்புவாள். மேலே இருந்தவர்கள் "பார்த்தேன்" என்று எழுதிக் கீழே அனுப்புவார்கள். பார்த்தவர்களில் ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

மழை தொடங்குகிற நாட்களில் கதை மாறியது. இரண்டாம் விசிறி மெதுவாக ஓடுகிறது என்று ஒரு வரி வந்தது. இரண்டு நாள் கழித்துச் சூடு கூடுகிறது என்று வந்தது. பிறகு, மூன்றாம் டிஸ்க்கை வாசிக்க முடியவில்லை, திரும்பவும் முயல்கிறேன் என்று. அதற்குப் பிறகு அந்த வரியே நிறைய வந்தது. திரும்பவும் முயல்கிறேன், திரும்பவும் முயல்கிறேன். சேர்வரின் நெற்றியில் ஒரு செம்மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. கஜந்தி கடதாசியைப் படம் எடுத்து ஸுஹைருக்கு அனுப்பினாள்.

கட்டாரிலிருந்து குரல்செய்தி வந்தது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, ஒவ்வொரு வரியாப் பார்த்துப் பயப்படாதீங்க. எது முதல் வந்த, எது பொறகு வந்த எண்டு பாருங்க. முதல் ஃபேன் மெதுவாகியிருக்கு. பொறகு சூடு. அதுக்குப் பொறகுதான் டிஸ்க். அப்ப டிஸ்க்கில குத்தமில்ல, அது சூட்டில வேகுது. ஃபேனை மாத்துங்க, அந்த டிஸ்க்கையும் மாத்துங்க. அரை நாள் வேலை. ஒண்டு போனா மத்தது தாங்கிற மாதிரித்தான் அதைக் கட்டியிரிக்கி. ஆனா ஃபேனை மாத்தாம விட்டா மத்ததும் வேகும். ரெண்டும் போனா மவுத்துத்தான். பொறகு யாசீன் ஓதுறதுதான் வேலை."

கஜந்தி இதை அலுவலகத் தமிழில் எழுதி, சேர்வரின் வரிகளையும் இணைத்து மேலே அனுப்பினாள். அது பிரதம லிகிதர் தங்கரத்தினத்தின் மேசைக்குப் போனது. தங்கரத்தினம் முப்பது வருடச் சேவைக்காரர். சுற்றறிக்கைகளை அவர் வாசிப்பதில்லை, மனப்பாடமாகச் சொல்வார். கஜந்தியைக் கூப்பிட்டு, இணைப்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"கஜந்தி மிஸ், இதில கையெழுத்தைக் காணேல்லையே?"

"அது சேர்வர் எழுதினது, ஐயா."

"எழுதினவர் ஆரெண்டு நான் கேக்கேல்லை. கையெழுத்து எங்க? பேர் எங்க? விலாசம் எங்க?"

"சேர்வருக்கு எப்படி ஐயா கையெழுத்து..."

"அப்ப இது மொட்டைப் பெட்டிசம்." தங்கரத்தினம் கடதாசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "பேர் விலாசம் இல்லாமல் வாற முறைப்பாட்டில நடவடிக்கை எடுக்கக்கூடாது. அரசாங்கச் சேவையின்ர அத்திவாரமே அதுதான். என்னைப் பற்றி எத்தனை மொட்டைப் பெட்டிசம் போயிருக்கெண்டு தெரியுமோ? எல்லாம் உண்மை. ஒண்டிலயும் நடவடிக்கை எடுக்கேல்லை. எடுத்திருந்தால் நான் இண்டைக்கு இந்தக் கதிரையில இருப்பனோ?"

கஜந்தி இல்லை என்று தலையாட்டினாள். அவர் திருப்தியோடு கடதாசியை 'அநாமதேயம்' என்று எழுதிய கோவைக்குள் செருகினார்.

ஆனால் சேர்வர் விடவில்லை. அது எழுதிக்கொண்டே இருந்தது. கடதாசி முடிந்து முடிந்து புதுக்கட்டு வைக்க வேண்டி வந்தபோது, களஞ்சியத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். இவ்வளவு கடதாசியை ஒரு இயந்திரம் என்ன செய்கிறது? கேள்வி கடதாசியைப் பற்றியது என்பதால் விடயம் முக்கியமானதாகியது. தவராசா ஒரு ஆராய்வுக் குழுவைக் கூட்டினார். மாலு பணிஸும் தேத்தண்ணியும் வந்தன. கஜந்தி சுவரோரமாக நின்றாள்.

முதலில் ஒரு உறுப்பினர், சேர்வர் ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவது அரசகரும மொழிக் கொள்கைக்கு மாறானது என்று கண்டுபிடித்தார். இனிமேல் அது எழுதும் ஒவ்வொரு வரியும் சிங்களத்திலும் தமிழிலும் மொழிபெயர்த்த பிறகே கவனத்தில் எடுக்கப்படும் என்று முடிவானது. நிலையத்துக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கேட்ட கடிதமும் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தது.

அடுத்தது, சில வரிகளுக்கு முன்னால் சேர்வர் 'மிக அவசரம்' என்று போட்டிருந்த விடயம். இதைப் பார்த்துத் தவராசாவின் முகம் சிவந்தது.

"மிக அவசரம் எண்டு எழுத முதலாந்தர உத்தியோகத்தருக்கு மட்டும்தான் அனுமதி. நான் இந்த இடத்துக்கு வர இருபத்தாறு வருசம் எடுத்தது. இது வாங்கி அஞ்சு வருசமும் ஆகேல்லை."

அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'சாதாரணம்' என்று கையால் எழுதும்படி கஜந்திக்குப் பணிக்கப்பட்டது. அன்று பின்னேரம் முழுக்க அவள் சிவப்புப் பேனையோடு இருந்து அடித்தாள். மூன்றாம் டிஸ்க் சாதாரணமாகச் செத்துக்கொண்டிருந்தது.

கடைசியாகத் தவராசா எழுந்து நின்று குழுவைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குப் பேச்சு வருகிற நேரத்தில் பெல்ட்டைச் சரி செய்துகொள்வார்.

"அன்பார்ந்த உத்தியோகத்தர்களே, இந்த இயந்திரம் என்ன சொல்லுது? நான் பழுதாப் போகப் போறன் எண்டு சொல்லுது. இன்னும் பழுதாகேல்லை. பழுதாகப் போகுதாம். அதாவது, இது எதிர்வுகூறுது. எதிர்வுகூறுறது ஆற்ற அதிகாரம்? தலைமையகத்தின்ர அதிகாரம். ஒரு பிராந்திய நிலையம் எதையும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. நான் இந்த நிலையத்தைப் பொறுப்பெடுத்த நாள் தொடக்கம் ஒண்டையும் முன்கூட்டிச் சொன்னதில்லை. நடந்த பிறகும் சொன்னதில்லை. எங்களுக்கே இல்லாத அதிகாரம் எங்கட சேர்வருக்கு எங்க இருந்து வந்தது?"

எல்லோரும் கை தட்டினார்கள். முன்னெச்சரிக்கை நிலையத்தில் இருந்துகொண்டு ஒரு மனிதர் இப்படிப் பேசினார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கூட்ட அறிக்கையில் இருக்கிறது, தங்கரத்தினம் அழகான எழுத்தில் எழுதியிருக்கிறார்.

கஜந்தி அப்போதுதான் வாய் திறந்தாள். "சேர், ஃபேனையும் ஒரு டிஸ்க்கையும் மாத்தினால் சரியாம். கையெழுத்துத்தான் பிரச்சினையெண்டால் நான் வைக்கிறன்."

தங்கரத்தினம் மெல்லப் பேனையை நீட்டினார். கஜந்தி சேர்வரின் வரிகளுக்குக் கீழே தன் பெயரையும், பதவியையும், திருக்கடலூர் விலாசத்தையும் எழுதி ஒப்பம் வைத்தாள். அந்த நேரத்திலிருந்து சேர்வரில் பழுது இல்லை. கஜந்தியிடம் முறைப்பாடு இருந்தது.

முறைப்பாடு என்றால் விசாரணை. விசாரணை என்றால் முறைப்பாட்டாளர் சான்றுப்பொருளுக்குக் கிட்டப் போகக்கூடாது. சேர்வர் அறையின் திறப்பை ஆணியிலிருந்து எடுத்துத் தங்கரத்தினம் தன் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். கஜந்தியைக் கதிரையில் இருத்திக் கேள்வி கேட்டார்கள். மூன்றாம் டிஸ்க் உங்களிடம் நேரில் சொன்னதா? அதற்கும் உங்களுக்கும் முன்பகை உண்டா? மற்ற மூன்று டிஸ்க்கும் முறைப்பாடு செய்யாதபோது இது மட்டும் ஏன் செய்கிறது? வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு அரச சொத்தின் படத்தை அனுப்பினது ஏன்? அவள் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலும் அவளுக்கு எதிராக எழுதப்பட்டது.

பூட்டிய கதவுக்குப் பின்னால் சேர்வரின் சத்தம் மாறிக்கொண்டு வந்தது. முதலில் இருந்த இரைச்சல் போய், மணலை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் கதவில் கை வைத்துப் பார்த்தாள். மழைக்குளிரிலும் பலகை இளஞ்சூடாக இருந்தது. அதைச் சொன்னால் இன்னொரு விசாரணை வரும் என்று சொல்லாமல் விட்டாள். பயத்தோடு வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் பழகிக்கொள்கிறார்கள். அவளில் எனக்குக் கோபம் இல்லை.

அந்தக் கிழமைதான் தலைமையகத்திலிருந்து நல்ல செய்தி வந்தது. நாட்டிலேயே முதலாவது 'முறைப்பாடற்ற நிலையம்' என்ற விருது திருகோணமலைக்குக் கிடைக்கப்போகிறது. மேலதிகச் செயலாளர் நேரில் வந்து தருவார். ஒரேயொரு சிக்கல். கோவையில் ஒரு முறைப்பாடு கிடந்தது.

தவராசா கஜந்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இருக்கச் சொன்னார். அவர் யாரையும் இருக்கச் சொல்வதில்லை.

"பிள்ளை, உங்கட மனிசன் தொழிலுக்குப் போறவர் என்ன?"

"ஓம் சேர். திருக்கடலூர்."

"நல்லது. உங்களை நிரந்தரமாக்கிற கோவை என்ர மேசையில கிடக்கு. அதோட இன்னொரு கோவையும் கிடக்கு. அங்கால மேற்குக் கரையில, புத்தளம் நிலையத்துக்கு ஒரு ஆள் தேவையாம். நான் ரெண்டையும் பாத்துக்கொண்டு இருக்கிறன், எதில கையெழுத்து வைக்கிறதெண்டு."

கஜந்தி மேசையில் கிடந்த இரண்டு கோவைகளையும் பார்த்தாள்.

"முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கோ. டிஸ்க் மாத்தமாட்டம் எண்டு நான் சொல்லேல்லையே. விழா முடியட்டும். அடுத்த நாளே மாத்துவம். ஒரு நாளையில என்ன நடந்திடப் போகுது?"

"கடல் சேர்..."

"கடல் எங்கயும் போகாது."

வீட்டுக்கு வந்து கணவன் பிரகலாதனிடம் சொன்னாள். அவன் வாசலில் இருந்து வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, விழா முடியுமட்டும் தொழிலுக்குப் போகாமல் விடுங்கோவன்."

"விசர்க்கதை. இப்பதான் மழை விட்டு மீன் படுகுது. ஒண்டு பழுதானால் மற்றது தாங்கும் எண்டு நீதானே சொன்னனீ?"

"அப்படித்தான் ஸுஹைர் நானா சொன்னவர்."

"அப்ப தாங்கும். புத்தளத்துக்கு நீ போய், நான் இஞ்ச இருந்து என்ன செய்யிறது? எழுதிக் குடுத்திட்டு வா."

ஸுஹைர் சொன்னதில் அவர்களுக்கு வேண்டிய பாதியை அவர்கள் இரண்டு பேரும் நம்பினார்கள். அடுத்த நாள் கஜந்தி வாபஸ் கடிதம் கொடுத்தாள். மேற்படி சேர்வரில் பழுது உண்டு என நான் கூறியது தவறான புரிதலினால் ஏற்பட்டது என்று தங்கரத்தினம் சொல்லச் சொல்ல எழுதினாள். அவர் உடனே போய் சேர்வர் அறையைத் திறந்து, திரையை நிறுத்தி, பிரின்டரைக் கழற்றி எடுத்தார். சேர்வரின் நெற்றியில் எரிந்த செம்மஞ்சள் விளக்கின் மேல் விருதுச் சின்னம் பொறித்த வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, பெருவிரலால் அழுத்தினார்.

"பாத்தீங்களோ மிஸ்? இப்ப ஒரு முறைப்பாடும் இல்லை."

கதவைப் பூட்டித் திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கியவரும் ஒரு காலத்தில் முறைப்பாட்டாளர்தானே, கிட்ட விடக்கூடாது என்று விளக்கமும் சொன்னார்.

விழா நாள் விடிகிற நேரம் பிரகலாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, "மெசேஜ் ஏதும் வந்ததோ பார்" என்றான். கஜந்தி தலையணைக்குக் கீழே தடவிப் போனை எடுத்துப் பார்த்தாள்.

"ஒண்டும் வரேல்லை. போட்டு வாங்கோ."

அவன் போனான். பக்கத்து வீடுகளிலும் அதே கேள்வியும் அதே பதிலும் கேட்டன. வள்ளங்களின் எஞ்சின் சத்தம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போனது.

அவள் வேலைக்கு வந்தபோது நிலையத்தின் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியம் வெயிலில்லாத வெளிச்சத்தில் நின்றது. கிழக்குப் பக்கம் வானம் கருஞ்சாம்பலாக இருந்தது. காற்று இல்லை. பந்தலின் பூச்சரங்கள்கூட அசையவில்லை. கஜந்தி நேரே சேர்வர் அறைக் கதவடிக்குப் போனாள். மணல் அரைக்கிற சத்தம் இல்லை. காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமே இல்லை. பலகை குளிர்ந்து போய் இருந்தது.

பின்னால் தவராசா புதுச் சேட்டோடு வந்து நின்றார்.

"என்ன அமைதி பாத்தீங்களோ? வாபஸ் வாங்கின உடனயே அதுவும் அடங்கிட்டுது."

"சேர், அது ஓடேல்லை. செத்துப் போச்சு. திறப்பைத் தரச்சொல்லுங்கோ."

"இண்டைக்கு அந்தக் கதை வேண்டாம் பிள்ளை. போய் வெத்திலைத் தட்டைப் பிடியுங்கோ."

வெற்றிலைத் தட்டு வரவேற்பு மேசையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தொலைநகல் இயந்திரம். தலைமையகம் எந்த எச்சரிக்கையையும் சேர்வருக்கு அனுப்புவதோடு தொலைநகலிலும் ஒரு பிரதி அனுப்பும், கோவைக்காக. தட்டைத் தூக்கும்போது அதன் கீழே ஒரு தாள் கிடந்தது. விடிவதற்கு முதலே வந்திருக்கிறது. ஆழ்ந்த தாழமுக்கம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கிழக்குக் கரையை நெருங்குகிறது, நண்பகலுக்கு முன் கடும் காற்று, எந்தக் கலமும் கடலுக்குப் போகக்கூடாது. திகதி முத்திரை குத்துகிற பிள்ளை பாண்ட் வாத்தியத்துக்குச் சோடா கொடுக்கப் போயிருந்ததால், தாள் முத்திரைக்காகக் காத்திருந்தது.

கஜந்தி தட்டை அப்படியே போட்டாள். வெற்றிலை நிலமெல்லாம் சிதறியது. பிரகலாதனின் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் பணிவாகச் சொன்னாள். மீனவர் சங்கத் தலைவருக்கு அடித்தாள், அவர் எடுத்தார், கேட்டார், ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஓடினார். அவர் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

அவள் தாளோடு பந்தலுக்குள் ஓடினாள். மேலதிகச் செயலாளர் முன்வரிசையில் இருந்தார். ஒலிவாங்கியில் தவராசா நின்றார்.

"...ஏனைய நிலையங்களிலே நாளொரு முறைப்பாடு, நாளொரு எச்சரிக்கை. எங்கட நிலையத்திலே கடந்த சில நாட்களாக ஒரு செய்தியும் இல்லை. உள்ளுக்கிருந்தும் இல்லை, வெளியிலயும் இல்லை. இந்த அமைதி சும்மா வந்ததில்லை. நானும் பிரதம லிகிதரும் இரவு பகலாகப் பாடுபட்டு உருவாக்கிய அமைதி. இண்டைக்குக் காலையில்கூட, எங்களை நம்பி அத்தனை வள்ளமும் கடலுக்குப் போயிருக்கு எண்டால், அதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?"

கை தட்டினார்கள். முதல் காற்று அப்போதுதான் வந்தது. பந்தல் சீலை ஒருமுறை ஊதி அடங்கியது. கஜந்தி மேடைக்கு ஏறித் தாளை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க முகத்தில் இரத்தம் வற்றியது. கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் தெளிந்தது.

"இதில இன்னும் முத்திரை குத்தேல்லையே," என்று மெல்லிய குரலில் சொன்னார். "இது இன்னும் எங்களுக்கு வரேல்லை."

அவள் இறங்கி ஓடினாள். ஆட்டோக்காரன் அவள் சொல்லாமலே வேகமாகப் போனான், வானம் அப்படி இருந்தது.

திருக்கடலூர்க் கரையில் சங்கத் தலைவர் சிவப்புச் சீலையைத் தடியில் கட்டி ஆட்டிக்கொண்டு நின்றார். கிட்டவாகப் போனவர்கள் கண்டு திரும்பிவிட்டார்கள், சில வள்ளங்களை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரகலாதன் தூரத் தொழில்காரன். கடல் கரைக்கு முன்னால் சேற்று நிறமாக எழுந்து விழுந்தது. அதற்கு அங்கால் கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மணல் பறந்து கண்ணில் அடித்தது.

பெண்கள் கூட்டமாக நின்றார்கள். பக்கத்து வீட்டுச் சுலோஜனா கஜந்தியைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவளுடைய புருஷனும் பிரகலாதனின் வள்ளத்தில்தான் போனவன்.

"அக்கா, நீங்கள் ஒபிஸில இருந்துதானே வாறியள்? பாருங்கோ, இன்னும் ஒரு மெசேஜும் வரேல்லை." போனைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப இது சும்மா காத்துத்தானே? பெரிசா வாறதெண்டால் உங்கட ஆக்கள் அனுப்பியிருப்பினம்தானே அக்கா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கஜந்தியின் வாயைப் பார்த்தார்கள். ஓம் என்று சொன்னால் போதும், அவர்கள் கொஞ்ச நேரத்துக்கு மூச்சு விடுவார்கள்.

"வராது," என்றாள் கஜந்தி. "இனி ஒண்டும் வராது. அனுப்புற சேர்வர் செத்துப் போச்சு. சாகப் போறன் எண்டு அது ஒரு மாதமாச் சொன்னது. அதில பழுதில்லை எண்டு நான்தான் எழுதிக் குடுத்தனான்."

சுலோஜனாவின் கை மெல்ல விட்டுப் போனது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கஜந்திக்கு நல்லாயிருந்திருக்கும். அவர்கள் அவளை விட்டுவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றார்கள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. பார்க்காமலே காதில் வைத்து, "இஞ்சேருங்கோ, எங்க நிக்கிறியள்?" என்று கத்தினாள்.

"நான் தவராசா கதைக்கிறன்." பின்னால் பந்தல் தகரங்கள் அடிபடுகிற சத்தம் கேட்டது. "பிள்ளை, ஒரு அவசர அலுவல். சேர்வர் பழுதெண்டு முந்தியே ஆராவது அறிவிச்சவையோ எண்டு மேலதிகச் செயலாளர் கேக்கிறார். உங்கட முறைப்பாடு கோவையில இருந்தால், நாங்கள் விசாரிச்சுக்கொண்டுதான் இருந்தம் எண்டு காட்டலாம். அந்த வாபஸ் கடிதத்தைக் கிழிச்சிட்டம். முறைப்பாட்டை விருதுக்கெண்டு முந்தியே கிழிச்சாச்சு. நீங்கள் உடன வந்து முறைப்பாட்டில இன்னொருக்கால் கையெழுத்து வைக்கவேணும். பழைய திகதியில."

"சேர், என்ர மனிசன் கடலுக்குள்ள நிக்கிறார்."

தவராசா கல் மனிதரில்லை. அவர் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

"ஐயோ பிள்ளை," என்றார். "அதை எழுத்தில தந்திருக்கிறியளோ?"